கடுகண்ணாவை ஏற்றம்: சைக்கிள் மிதிக்கும் பிள்ளைகள் தெரிந்துகொள்ள வேண்டிய ஒரு பாதையின் கதை



பாடசாலை விடுமுறை வந்தால் எமது பிள்ளைகள் கூட்டமாகச் சைக்கிளை எடுத்துக்கொண்டு கடுகண்ணாவை ஏறுவது இப்போது வழக்கமாகிவிட்டது. சுபஹ் தொழுதுவிட்டு மாவனெல்லைப் பாலத்தடியில் ஒன்றுசேர்கிறார்கள். ஹிங்குல, கணேதென்ன தாண்டி, வளைவு வளைவாக ஏறி, குடைந்த கல்லடியில் நின்று படம் எடுக்கிறார்கள். எத்தனை கிலோமீற்றர், எவ்வளவு உயரம், எத்தனை நிமிடம் என்று போனில் வரும் கணக்கையும் சேர்த்துப் பகிர்கிறார்கள். பார்க்கச் சந்தோஷமாகத்தான் இருக்கிறது. போனைப் பார்த்துக்கொண்டு மூலையில் கிடப்பதை விட இது ஆயிரம் மடங்கு மேல்.

ஆனால் அதே பிள்ளைகளிடம், "இந்தப் பாதையை யார் போட்டது, எதற்காகப் போட்டது, அதற்கு முன்னர் மனிதர்கள் எப்படி இந்த மலையைக் கடந்தார்கள்?" என்று கேட்டால், "வெள்ளைக்காரன் போட்டது சேர்" என்பதோடு கதை முடிந்துவிடுகிறது. அவர்களைக் குறை சொல்வதற்கில்லை. நாம்தான் சொல்லிக் கொடுக்கவில்லை. "நீங்கள் எல்லாம் எப்போது இந்த நாட்டுக்கு வந்தீர்கள்?" என்று யாராவது கேட்டால் வாயடைத்து நிற்கும் நிலைமையில் எமது பிள்ளைகள் இருக்கிறார்கள். அந்தக் கேள்விக்கான பதிலில் ஒரு பகுதி, அவர்கள் மிதித்து ஏறும் அதே பாதையில்தான் கிடக்கிறது. அதனால்தான் இந்தப் பதிவு கொஞ்சம் நீளம். பொறுமையாக வாசியுங்கள்.

பாதை இல்லாததே பாதுகாப்பு

கண்டி இராச்சியக் காலத்தில் இங்கே அகலமான பாதை எதுவும் இருக்கவில்லை. போடத் தெரியாமல் அல்ல, வேண்டுமென்றே போடவில்லை. காடும் கணவாயும்தான் மன்னர்களின் கோட்டை மதில். ஒருவர் பின் ஒருவராக மட்டுமே போகக்கூடிய ஒற்றையடிப் பாதைகள், முக்கியமான இடங்களில் முள் அடைத்த கடவைகள், அவற்றுக்குக் காவல். கடுகண்ணாவைக்குப் பக்கத்தில் உள்ள பலனையில் கோட்டை இருந்ததும் இதற்காகத்தான். போர்த்துக்கேயரின் படைகள் இந்த மலைகளில் திரும்பத் திரும்ப அடிபட்டதற்கு நிலத்தின் அமைப்பே பெரிய காரணம். பீரங்கியை இழுத்துக்கொண்டு ஏற முடியாத இடத்தில் பீரங்கியால் என்ன பயன்?

ஆனால் மலைக்குள் இருப்பவர்களுக்கு உப்பு வேண்டுமே. கருவாடு வேண்டும், துணி வேண்டும். மலைநாட்டில் விளையும் பாக்கும் மிளகும் கரைக்குப் போக வேண்டும். சக்கரம் உருளாத அந்தப் பாதைகளில் இதையெல்லாம் யார் கொண்டுபோனார்கள்?

இங்கேதான் எமது மூதாதையர் வருகிறார்கள்.

தவளம்

மாடுகளின் முதுகில் பொதி ஏற்றி, வரிசையாக ஓட்டிச் செல்லும் வணிகக் கூட்டத்துக்குத் தவளம் என்று பெயர். சிங்களத்திலும் அதே சொல்தான். கண்டி அரசில் போக்குவரத்துக்கென்றே 'மடிகே' என்ற ஒரு துறை இருந்தது. அதில் பெரும் பங்கு வகித்தவர்கள் மலைநாட்டு முஸ்லிம்கள். அரசனிடமிருந்து காணி பெற்று, அதற்குப் பதிலாக மாடும் ஆளும் கொடுத்து அரசின் பண்டங்களைச் சுமந்தார்கள். மற்ற நேரத்தில் தம் சொந்த வியாபாரத்தையும் செய்தார்கள். பேராசிரியை லோனா தேவராஜா இலங்கை முஸ்லிம்களைப் பற்றி எழுதிய நூலில் இந்த உறவை விரிவாகக் காட்டியிருக்கிறார். ஆசிரியர்கள், உயர்தரத்தில் வரலாறு படிக்கும் பிள்ளைகள் அனைவரும் வாசிக்க வேண்டிய நூல் அது.

மலைநாட்டில் பல முஸ்லிம் ஊர்கள் பாதையோரங்களிலும், ஆற்றுத் துறைகளிலும், மலையடிவாரங்களிலும் அமைந்திருப்பதைப் பாருங்கள். மாடு இளைப்பாற வேண்டும், தண்ணீர் வேண்டும், இரவு தங்க வேண்டும். வணிகன் தங்கிய இடங்களில் ஊர் உருவாவது உலகம் முழுக்க நடந்த ஒன்றுதான்.

இதற்கும் வெகு காலத்துக்கு முன்னர், 1344ஆம் ஆண்டு இந்த நாட்டுக்கு வந்த இப்னு பதூதாவையும் மறந்துவிட வேண்டாம். பாவா ஆதம் மலையைத் தரிசிக்க மலைநாட்டுக்குள் நடந்து போனவர் அவர். வழியில் குனகார் என்ற நகரைப் பற்றியும், அங்கே வாழ்ந்து யாத்திரிகர்களுக்கு மலைக்கு வழிகாட்டிய ஷீராஸ் தேசத்து ஷெய்கு உஸ்மானைப் பற்றியும் எழுதி வைத்திருக்கிறார். ஆக, இந்த மலைப் பாதைகளில் எமது காலடி 600 ஆண்டுகளுக்கு மேல் பழையது.

1817: கசப்பான பக்கம்

வரலாற்றில் எமக்குப் பிடித்த பக்கங்களை மட்டும் வாசித்தால் அது வரலாறு ஆகாது. 1815இல் கண்டி ஆங்கிலேயர் கைக்குப் போனது. 1817இல் வெல்லஸ்ஸப் பகுதியில், தவளப் போக்குவரத்துக்குப் பொறுப்பான மடிகே முகாந்திரமாக ஹாஜி மரிக்கார் என்பவரை ஆங்கிலேயர் நியமித்தார்கள். அதுவரை அந்த அதிகாரம் உள்ளூர்ச் சிங்களப் பிரதானிகளின் கையில் இருந்தது. ஏற்கெனவே புகைந்துகொண்டிருந்த கோபத்தில் இது எண்ணெய் ஊற்றியது. ஹாஜி மரிக்கார் பிடிக்கப்பட்டுக் கொல்லப்பட்டார். விசாரிக்கப் போன ஆங்கில அதிகாரி சில்வெஸ்டர் வில்சனும் கொல்லப்பட்டார். ஊவா வெல்லஸ்ஸப் பெருங்கிளர்ச்சி அப்படித்தான் வெடித்தது. 1818 முடிவதற்குள் அதை ஆங்கிலேயர் மிகக் கொடூரமாக அடக்கினார்கள். வயல்கள் எரிந்தன, கால்நடைகள் அழிந்தன, ஊர்கள் வெறிச்சோடின.

வெளியிலிருந்து வந்த ஆட்சி ஒரு சமூகத்தை இன்னொரு சமூகத்தின் மேல் தூக்கி வைத்தால் என்ன நடக்கும் என்பதற்கு இதைவிடத் தெளிவான பாடம் தேவையில்லை. இதில் யாருக்கும் பெருமை இல்லை. ஆனால் பிள்ளைகள் தெரிந்திருக்க வேண்டும்.

அந்தக் கிளர்ச்சியிலிருந்து ஆங்கிலேயர் தங்களுக்கென்று ஒரு பாடம் எடுத்துக்கொண்டார்கள். படையும் உணவும் விரைவாக மலைக்குள் போக முடியாவிட்டால் கண்டியைப் பிடித்து வைத்திருக்க முடியாது. ஆகவே, பாதை. நாம் இன்று சைக்கிள் ஓட்டும் பாதையின் பிறப்பு இதுதான். முதலில் அது ஒரு இராணுவப் பாதை.

பதினாறு வயது அதிகாரி

1820இல் எட்வர்ட் பான்ஸ் பதில் ஆளுநராக இருந்தபோது வேலை தொடங்கியது. பின்னர் 1824 முதல் 1831 வரை அவரே ஆளுநராக இருந்து அதைத் தள்ளிக்கொண்டு போனார். கடுகண்ணாவைப் பகுதியில் ஒரு துண்டை முடிக்கும் பொறுப்பு தோமஸ் ஸ்கின்னர் என்ற இளம் அதிகாரிக்குக் கொடுக்கப்பட்டது. 1804இல் பிறந்தவர். அப்போது பதினாறு வயது. எமது சாதாரண தரப் பிள்ளைகளின் வயது! பாதை வேலை எதுவும் தெரியாத அவரிடம், அதே போல எதுவும் தெரியாத சுமார் 200 கண்டி நாட்டவரை ஒப்படைத்தார்கள். பிற்காலத்தில் அவர் இந்த நாட்டின் பாதைகள் அனைத்துக்கும் பொறுப்பான ஆணையாளரானார்.

ஸ்கின்னரின் பெயர் புத்தகத்தில் இருக்கிறது. அந்த 200 பேரின் பெயர் எங்கே? அவர்கள் கூலிக்கு வந்தவர்கள் அல்ல. மன்னர் காலத்து இராஜகாரிய முறையை அப்படியே எடுத்து, கூலியில்லாத வேலையாக ஆங்கிலேயர் பாதைக்குப் பயன்படுத்தினார்கள். காய்ச்சலிலும் கல் உடைப்பிலும் மனிதர்கள் மாண்டார்கள். 1832இல் இராஜகாரியம் ஒழிக்கப்பட்டது. ஆனாலும் 1848இல் வேறொரு வடிவில் அது திரும்பி வந்தது. வயது வந்த ஆண்கள் ஆண்டுக்கு ஆறு நாள் பாதையில் வேலை செய்ய வேண்டும், இல்லாவிட்டால் மூன்று ஷில்லிங் கட்ட வேண்டும் என்ற சட்டம். அந்த ஆண்டு மாத்தளையில் எழுந்த கிளர்ச்சிக்கு அதுவும் ஒரு காரணம்.

மேலே உயர்ந்து நிற்கும் டோசன் கோபுரம், பாதையைத் திட்டமிட்ட பொறியியலாளர் கப்டன் டோசனின் நினைவுக்கு. 1829இல் இறந்தார். சகாக்கள் கோபுரம் கட்டினார்கள். கல் சுமந்தவர்களுக்குக் கோபுரம் இல்லை. பாதைதான் அவர்களின் நினைவுச் சின்னம். அடுத்த முறை அந்தக் கோபுரத்தடியில் படம் எடுக்கும்போது பிள்ளைகள் இதையும் நினைக்கட்டும்.

குடைந்த கல்

"ஒரு கல்லைக் குடைந்து வழி போட்டவன்தான் கண்டியைப் பிடிப்பான் என்று ஒரு முன்கூற்று இருந்தது. அதனால்தான் ஆங்கிலேயர் இந்தக் கல்லைக் குடைந்தார்கள்" என்று நாம் எல்லோரும் கேட்டு வளர்ந்த கதை. கதை அழகானதுதான். ஆனால் ஆண்டுகளை வைத்துப் பாருங்கள். கண்டி வீழ்ந்தது 1815இல். பாதை வேலை தொடங்கியதே 1820இல். பிடித்த பிறகு குடைந்த கல் எப்படிப் பிடிப்பதற்குக் காரணமாகும்? வரலாறு படிப்பது என்றால் இப்படி ஆண்டுகளைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்ப்பதுதான். வட்ஸ்அப்பில் வரும் செய்திகளுக்கும் இதே பழக்கத்தைப் பிள்ளைகள் கையாண்டால் எத்தனையோ பிரச்சினை குறையும்.

சைக்கிள்காரர்கள் கவனிக்க வேண்டிய இன்னொரு விஷயம். தவள மாடு செங்குத்தாகவும் ஏறும். வண்டிச் சக்கரம் ஏறாது. அதனால்தான் பாதை மலையைச் சுற்றிச் சுற்றி, மெதுவான சாய்வில் போகிறது. மாட்டு வண்டிக்கும் குதிரை வண்டிக்கும் அளந்து போட்ட அந்தச் சாய்வுதான் இன்று கியர் சைக்கிளுக்கும் சரியாக இருக்கிறது. சுமார் 500 மீற்றர் உயரத்தில் உள்ள கடுகண்ணாவைக்கு எமது பிள்ளைகள் இறங்கித் தள்ளாமலே ஏறிவிடுவதற்கு இதுவே காரணம்.

1832இல் கொழும்புக்கும் கண்டிக்கும் இடையே குதிரைகள் பூட்டிய தபால் வண்டி ஓடத் தொடங்கியது. மஹா ஓயாவின் மேல் எமது மாவனெல்லைப் பாலத்தின் செங்கல் வளைவுகள் எழுந்ததும் அந்தக் காலத்தில்தான். பேராதனையில் மகாவலி கங்கையின் மேல் 1833இல் முழுக்க முதிரை மரத்தாலான ஒற்றை வளைவுப் பாலம் போட்டார்கள். அது 1905 வரை நின்றது. மரப்பாலம் போய்விட்டது. எமது செங்கல் பாலம் இன்னும் பாரம் தாங்குகிறது.

உத்துவன்கந்த: ஒரே நாளில் இரண்டு பெயர்கள்

கேகாலையிலிருந்து வரும்போது மாவனெல்லைக்கு முன்னால் தெரியும் உத்துவன்கந்த மலையைப் பற்றித் தெரியாதவர் இல்லை. பாதை வந்ததும் கோப்பி வண்டிகள் வந்தன, பணம் வந்தது, கூடவே வழிப்பறியும் வந்தது. சரதியல் பெயர் கேட்டாலே வண்டிக்காரர்கள் நடுங்கினார்கள். பணக்காரரிடம் பறித்து ஏழைக்குக் கொடுத்தவன் என்று ஊர் பேசியது.

அவனுடைய நெருங்கிய கூட்டாளி மம்மலே மரிக்கார், ஒரு முஸ்லிம். 1864 மார்ச் 21ஆம் திகதி மாவனெல்லையில் அவர்களைப் பிடிக்கப் போன பொலிஸார் மீது துப்பாக்கிச் சூடு நடந்தது. அதில் உயிரிழந்த கொன்ஸ்தாபிள் சபான், மலாய் சமூகத்தைச் சேர்ந்தவர். அவரும் ஒரு முஸ்லிம். கடமையில் உயிர்நீத்த முதல் பொலிஸ் வீரர் என்று இன்றும் ஒவ்வொரு மார்ச் 21ஆம் திகதியும் பொலிஸ் திணைக்களம் அவரை நினைவுகூர்கிறது. சரதியலும் மம்மலே மரிக்காரும் அதே ஆண்டு மே 7ஆம் திகதி கண்டியில் ஒன்றாகத் தூக்கிலிடப்பட்டார்கள்.

ஒரு சிங்களவனும் ஒரு முஸ்லிமும் சேர்ந்து கொள்ளையடித்தார்கள். அவர்களைப் பிடிக்கப் போய் இன்னொரு முஸ்லிம் உயிரைக் கொடுத்தார். "முஸ்லிம் என்றால் இப்படித்தான்", "சிங்களவர் என்றால் அப்படித்தான்" என்று பேசுகிறவர்களுக்கு எமது ஊர் வைத்திருக்கும் பதில் இது. 2001 மே மாதத்தில் இதே பாதையோரக் கடைகள் எரிந்ததைப் பார்த்தவர்கள் இன்னும் எம்மோடு இருக்கிறார்கள். சபானின் கதையைப் பாடசாலைகள் அன்று நன்றாகச் சொல்லிக் கொடுத்திருந்தால் தீ எரிந்திருக்காது என்று நாம் சொல்ல வரவில்லை. ஆனால் சொல்லிக் கொடுக்காமல் விடுவதால் யாருக்கும் நன்மை இல்லை.

சைக்கிள் வந்த வழி

1867இல் கண்டிக்கு ரயில் வந்தது. தபால் வண்டியின் காலம் முடிந்தது. 1869இல் கோப்பிச் செடிகளில் இலை நோய் தென்பட்டது. சில வருடங்களில் கோப்பி வீழ்ந்தது, தேயிலை எழுந்தது. பாதையில் பாரம் குறைந்தது.

சைக்கிளின் கதையும் விசித்திரமானது. ஊவாவில் கிளர்ச்சி வெடித்த அதே 1817இல்தான் ஜேர்மனியில் கார்ல் டிரைஸ் என்பவர் காலால் உந்தி ஓட்டும் இருசக்கர வண்டியை வெளியில் காட்டினார். மிதிக்கட்டையும் சங்கிலியும் சம உயரச் சக்கரங்களும் கொண்ட இன்றைய வடிவம் 1885இல் இங்கிலாந்தில் வந்தது. 1888இல் டன்லப் காற்றடித்த டயரைக் கொண்டுவந்தார். உலகம் முழுக்க டயருக்கு இறப்பர் தேவைப்பட்டது. 1876இல் பிரேசில் விதைகளிலிருந்து முளைத்த கன்றுகள் ஹெனரத்கொட தோட்டத்துக்கு வந்திருந்தன. கேகாலை மலைச்சரிவுகள் இறப்பர்த் தோட்டமானது அதன் பிறகுதான். எமது பிள்ளைகள் இறப்பர் மர நிழலில் சைக்கிள் ஓட்டுகிறார்கள். அந்த மரங்கள் இங்கே பெருகியதற்கு ஆரம்பக் காரணங்களில் ஒன்று சைக்கிளின் டயர்!

பிறகு ரலி, ஹம்பர், ஹேர்குலிஸ் என்று சைக்கிள்கள் எமது ஊர்களுக்கு வந்தன. துணி மூட்டையைக் கெரியரில் கட்டிக்கொண்டு மலைக் கிராமங்களுக்குப் போன வியாபாரிகள், பாண் பெட்டி கட்டியவர்கள், தபால்காரர், ஓதிக் கொடுக்கப் போன லெப்பைமார், எமக்கு முந்திய தலைமுறை ஆசிரியர்கள், எல்லோருக்கும் அதுதான் வாகனம். கியர் கிடையாது. ஏற்றத்தில் தள்ளு, இறக்கத்தில் ஏறு. அவ்வளவுதான் சட்டம். தவள மாடு போன வீட்டு வாசல்களுக்கே துணி மூட்டை கட்டிய சைக்கிளும் போனது. தந்தை மாட்டோடு போன ஊருக்கு மகன் சைக்கிளோடு போனான். சிங்களக் கிராமங்களில் கடன் கொப்பியும் நம்பிக்கையும் இரண்டு தலைமுறையாகத் தொடர்ந்தன.

மோட்டார் சைக்கிளும் முச்சக்கர வண்டியும் வந்த பின் சைக்கிள் மூலைக்குப் போனது. 2022இல் பெற்றோல் இல்லாமல் நாடே நின்றபோது மூலையில் கிடந்ததைத் துடைத்து எடுத்தோம். பாடசாலைக்கும் பள்ளிவாசலுக்கும் மிதித்தோம். இன்று பிள்ளைகளிடம் உள்ள சைக்கிள் ஆர்வம் அந்தக் கஷ்ட காலம் விட்டுச் சென்ற ஒரு நல்ல பழக்கம் என்றே நாம் நினைக்கிறோம்.

போகிறவர்களுக்குச் சில வார்த்தைகள்

கண்டி வீதியிலேயே எப்போதும் ஏற வேண்டாம். பஸ்ஸும் கொள்கலன் லொறியும் போகும் வீதி அது. விடிந்ததும் புறப்பட்டு, வாகனம் பெருகும் முன் மேலே போய்விடுங்கள். ஒருவர் பின் ஒருவராக, தலைக்கவசத்தோடு. ஏறுவது வீரம் அல்ல, ஒழுங்காக இறங்குவதுதான் திறமை. இறங்கும் முன் இரண்டு பிரேக்கையும் பரிசோதியுங்கள். ஈரத்தில் பிரேக் பிடிக்கத் தாமதமாகும்.

மேலே போனதும் பிலிமத்தலாவையிலிருந்து உள்வீதியில் திரும்புங்கள். கடலாதெனிய, லங்காதிலக, எம்பெக்க என்று மூன்று பழைய வணக்கத் தலங்கள் வயல்களுக்கும் குன்றுகளுக்கும் நடுவே வரிசையாக வரும். கடலாதெனியவும் லங்காதிலகவும் கம்பளை அரசர் காலத்தவை, இப்னு பதூதா வந்த அதே 1344ஆம் ஆண்டைச் சேர்ந்தவை. எம்பெக்கவின் மரத்தூண் செதுக்கல்களை மரியாதையோடு பார்த்து வாருங்கள். அயலவரின் கலையை அறிவதும் கல்விதான். கிரிபத்கும்புரவில் நெடுஞ்சாலை அரும்பொருட்காட்சிச்சாலையும் இருக்கிறது. பழைய நீராவிப் பாதை உருளைகளை அங்கே காணலாம். கால் பலமானவர்கள் மாவனெல்லையிலிருந்து ஹெம்மாத்தகம வழியாகக் கம்பளைக்கும் போகலாம். ஆனால் அது கடுகண்ணாவையைப் போல விட்டுக்கொடுக்காது.

கடும் மழைக்குப் பின் மலைச்சரிவுப் பாதைகளில் போகவே வேண்டாம். 2016 மே 17ஆம் திகதி அரநாயக்கவில் மலை சரிந்து ஊரையே மூடியதை மறக்க முடியாது. தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனத்தின் மண்சரிவு எச்சரிக்கை இருந்தால் சைக்கிள் வீட்டில் நிற்கட்டும்.

பெற்றோரிடம் ஒரு வேண்டுகோள்

எமது வீடுகளில் எண்பது, தொண்ணூறு வயதுப் பெரியவர்கள் இன்னும் இருக்கிறார்கள். தவளம் ஓட்டிய தம் பாட்டன்மாரைப் பற்றிக் கேட்டவர்கள் அவர்கள். சைக்கிளில் துணி கட்டிக்கொண்டு போன ஊர்களின் பெயரை வரிசையாகச் சொல்லக்கூடியவர்கள். யார் வீட்டில் தண்ணீர் கொடுத்தார்கள், எந்த அம்பலத்தில் மழைக்கு ஒதுங்கினார்கள், எந்த ஊரில் பணம் இல்லாமல் பாக்குக் கொடுத்தார்கள் என்பதெல்லாம் அவர்களின் நினைவில் மட்டும்தான் இருக்கிறது. எந்தப் புத்தகத்திலும் இல்லை. ஒவ்வொரு ஜனாஸாவோடும் அதில் ஒரு பகுதி மண்ணுக்குள் போகிறது.

இந்த விடுமுறையில் சைக்கிள் எடுக்கும் பிள்ளை ஒவ்வொருவரும், போவதற்கு முன் ஒரு பெரியவரிடம் அரை மணித்தியாலம் உட்கார்ந்து கேட்கட்டும். போனில் குரலைப் பதிவு செய்யட்டும். சொன்ன ஊர்ப்பெயர்களைக் கொப்பியில் எழுதட்டும். பிறகு அந்த ஊர்களுக்கே சைக்கிளை விடட்டும். பழைய உறுதி, பழைய கடன் கொப்பி, பழைய படம் ஏதாவது வீட்டில் இருந்தால் எறிந்துவிடாமல் படம் பிடித்து வையுங்கள். பாடசாலை திறந்ததும் கொண்டு வாருங்கள். ஊர் வாரியாகத் தொகுத்து ஒரு வரைபடம் தயாரிக்க நாம் இருக்கிறோம், இன்ஷா அல்லாஹ்.

வாசித்தவர்கள், உங்கள் குடும்பத்தில் தவளமோ சைக்கிள் வியாபாரமோ செய்தவர்கள் இருந்தால், அவர்கள் போன ஊர்களின் பெயரை மட்டும் கீழே எழுதுங்கள். வரைபடத்தை அங்கிருந்தே தொடங்குவோம்.

வஸ்ஸலாம்.